நூல் காசு

"பாலமுனையில மாமி வீடு இரிக்கி."

உத்தியோகம் பார்க்கத் தொடங்கிய பிறகு நான் சொன்ன முதல் பொய் இதுதான். கேட்டவர் பஸ் கொண்டக்டர். 1979ஆம் ஆண்டு மார்ச் மாதம். மருதமுனையில் ஏறி அட்டாளைச்சேனைக்கு டிக்கட் எடுக்க வேண்டிய நான் பாலமுனைக்கு எடுத்தேன். அதில் இரண்டு செக்ஷன் காசு மிச்சம். இறங்கி, கந்தோருக்கு முக்கால் மணித்தியாலம் நடக்க வேண்டும். பாலமுனையில் எனக்கு மாமியும் இல்லை, சாச்சியும் இல்லை.

அந்தப் பொய் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் கல்முனை பஸ் நிலையத்தில் காலை ஆறரை மணிக்கு, புதுச் சப்பாத்தும் மடிப்புக் கலையாத சேட்டுமாக நிற்கும் பிள்ளைகள் சிலருடைய முகத்தில் அதே பொய்யைக் காண்கிறேன்.

எனக்கு நியமனம் வந்தது பெப்ரவரியில். அதற்கு மூன்று மாதத்துக்கு முன்பு, 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு, கிழக்குக் கரையைச் சூறாவளி அடித்துப் போட்டிருந்தது. மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரைக்கும் தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. எங்கள் வீட்டுக் கூரையில் பாதி ஓட்டைக் காணோம். வாப்பா தறிக்காரர். மருதமுனைச் சாறனுக்கு நாடெங்கும் கிராக்கி இருந்த நாட்கள் அவர் கண்முன்னேதான் போய்க்கொண்டிருந்தன. 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்தது. கடைகளில் வெளிநாட்டுத் துணி மலையாகக் குவிந்தது. எங்கள் தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக ஓய்ந்தது. அந்த நேரத்தில் வீட்டில் ஒருவனுக்கு அரசாங்க உத்தியோகம். உம்மா ஊருக்கெல்லாம் சொன்னார். தெருவில் போனால், "கிளாக்கர் வாறார்" என்று வழிவிட்டார்கள்.

கிளாக்கரின் சட்டைப்பையில், உம்மா முட்டியை உடைத்து எண்ணிக் கொடுத்த காசு இருந்தது. முட்டை விற்றுச் சேர்த்தது. "ஒரு மாசத்துக்குப் போதும் மகன்" என்றார். நானும் தலையாட்டினேன். எத்தனை நாள், எத்தனை பஸ், எவ்வளவு காசு என்று நானும் எண்ணிப் பார்க்கவில்லை, அவரும் எண்ணவில்லை. மாத முடிவில் சம்பளம் வந்துவிடும் என்பதுதான் எங்கள் முழுக் கணக்கும்.

வரவில்லை. என் சுயவிபரக் கோவை மேலிடத்திலிருந்து திரும்பவில்லை, அதனால் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறவில்லை. அடுத்த மாதம் இரண்டையும் சேர்த்துத் தருவார்கள் என்றார்கள். 'சேர்த்து' என்ற சொல் கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் பஸ்ஸில் ஏற அது உதவவில்லை.

வாப்பாவிடம் கேட்டிருக்கலாம். கூரைக்கு ஓடு வாங்க அலைகிற மனிதரிடம், சம்பாதிக்கப் போன மகன் பஸ் காசு கேட்பதா என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் பாலமுனையில் எனக்கொரு மாமி பிறந்தார்.

பிறந்த மாமி சும்மா இருக்கவில்லை. நடந்து போய்ச் சேர எட்டேகால் ஆகும். வரவுப் பதிவேட்டில் அதற்குள் சிவப்புக் கோடு விழுந்திருக்கும். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தால் பிந்தி வந்தவன். மூன்றாம் நாள் பிரதம இலிகிதர் கூப்பிட்டு, "தம்பி, மருதமுனையால வாற பஸ் ஏழரைக்கே இதால போகுதே, நீங்க எதுல வாறீங்க?" என்று கேட்டார். பஸ் பழுது என்றேன். இது இரண்டாவது பொய். பகல் சோறு வேண்டாம், வயிறு சரியில்லை என்றது மூன்றாவது. இரண்டாம் மாதத்திலேயே கந்தோரில் எனக்குப் பிந்தி வருகிறவன் என்று பெயர் விழுந்துவிட்டது. இரண்டு செக்ஷன் காசை அடுத்த சம்பளத்தில் ஈடுகட்டினேன். அந்தப் பெயரைத் துடைக்க இரண்டு வருடம் எடுத்தது.

மாலையில் திரும்பி வரும்போது பெரும்பாலும் அதே கொண்டக்டர்தான். ஒருநாள் என் வியர்த்த சட்டையைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, மாமி வீட்டுல தேத்தண்ணி கூடத் தாறல்லயா?" என்றார். சிரிக்காமல் கேட்டார். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். அவர் வாப்பாவிடம் சாறன் வாங்குகிறவர் என்பது எனக்குத் தெரியாது.

அன்றிரவு வாப்பா தறியில் இருந்தார். நாடா போய் வருகிற சத்தம் நிற்கவில்லை. தலையையும் தூக்கவில்லை.

"நூலக் கடனுக்கு எடுக்காம ஆருடா இஞ்ச சாறன் நெய்யிற?"

நான் பேசாமல் நின்றேன்.

"நான் நூல் கடைக்குப் போறத்துக்கு வெக்கப்பட்டிருந்தா நீங்க எல்லாரும் எதத் திண்டு வளந்த? நூல் எடுக்கிற, நெய்யிற, விக்கிற, கடக்காரன்ட காசக் குடுக்கிற. இது கடன் இல்ல. இது தொழில்ட முதல் பாவு. ஒன்ட பஸ் காசும் நூல் காசுதான்."

மறுநாள் அதே நூல் கடைக்காரரிடம் என்னைக் கூட்டிப் போனார். சம்பளம் வரும் வரைக்கும் எத்தனை வேலை நாள் என்று அவர் முன்னாலேயே விரல்விட்டு எண்ண வைத்தார். தொகையைச் சொன்னதும் கடைக்காரர் கொப்பியைத் திறந்து, வாப்பாவின் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினார். திகதியும் எழுதினார். அந்தக் கொப்பியில் பெயர் ஏறிய நாளைத்தான் நான் உழைக்கத் தொடங்கிய நாளாக இன்றும் நினைக்கிறேன்.

*

வாப்பா சொன்னதை விளங்கிக்கொள்ள எனக்கு வயது போக வேண்டியிருந்தது. மாதச் சம்பளக்காரர் ஒருவர் முதல் மாதம் முழுவதும் உழைத்துவிட்டுத்தான் காசைக் காண்கிறார். அந்த ஒரு மாத உழைப்பு முதலாளிக்கோ அரசாங்கத்துக்கோ அவர் கொடுத்த கடன். கடன் கொடுத்தவர் அவர். ஆனால் பஸ் காசுக்குக் கூனிக்குறுகி நிற்பவரும் அவர்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று ஒரு பிள்ளைக்கு விளங்கிவிட்டால், பாதிப் பாரம் இறங்கிவிடும். மீதிப் பாதிக்குக் கணக்கு வேண்டும்.

கணக்கை எப்படிப் போடுவது? ஒரு வழிக்கு 100 ரூபா என்று வைத்துக்கொள்வோம். போக வர 200. மாதத்துக்கு 22 வேலை நாள் என்றால் 4,400 ரூபா. பிள்ளைகள் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். சம்பளம் மாதத்தின் கடைசி நாளில் கைக்கு வராது. கடைகளிலும் தனியார் காரியாலயங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கென்று 1954இல் வந்த 19ஆம் இலக்கச் சட்டமே, மாதம் முடிந்து பத்து நாளுக்குள் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. அந்தப் பத்து நாளுக்குள் எட்டு வேலை நாள் வந்தால் இன்னும் 1,600 ரூபா. ஆக, கையில் இருக்க வேண்டியது 6,000. உம்மாவின் முட்டிக் கணக்கிலும் இப்படி மிஞ்சுகிற நாட்களுக்கு இடமிருக்கவில்லை.

இன்னொரு குழியும் உண்டு. பல இடங்களில் மாதத்தின் நடுவிலேயே சம்பளக் கணக்கை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு சேர்ந்தவரின் பெயர் அடுத்த மாதப் பட்டியலில்தான் வரும். அதனால் வேலைக்குச் சேரும் அன்றே, "சம்பளம் எத்தனையாம் திகதி? கணக்கு எப்ப மூடுவீங்க? எனக்கு முதல் சம்பளம் இந்த மாசமா, அடுத்த மாசமா?" என்று கேட்டுவிடுங்கள். இது காசுக்கு ஆசைப்படுகிற கேள்வி என்று எந்த நல்ல மேலாளரும் நினைக்க மாட்டார். அரச வேலை என்றால் வங்கிக் கணக்கு இலக்கம், கடமையேற்புக் கடிதம், சான்றிதழ்ப் பிரதிகள் எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே கொடுத்துவிட்டு, கோவை யார் மேசையில் இருக்கிறது என்று மரியாதையாக விசாரித்துக்கொண்டிருக்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. என் கோவை தூங்கியபோது நானும் தூங்கினேன்.

பஸ் காசோடு வேறு செலவுகளும் தொற்றிக்கொண்டு வரும். பாஸ்போட் சைஸ் படம், போட்டோக் கொப்பி, வங்கிக் கணக்குத் திறக்க ஆரம்ப வைப்பு, பகல் சோத்துப் பார்சல். சேர்ந்த இரண்டாம் வாரத்திலேயே, "நம்மட ஒபிஸ்ல ஒராளுக்குக் கலியாணம், ஆளுக்கு இவ்வளவு" என்று பட்டியல் மேசைக்கு வரும். புது ஆள் இல்லை என்று சொல்ல மாட்டார். வீட்டுச் சோறும் ஒரு போத்தல் தண்ணீரும் இந்த முதல் மாதத்தில் பெரிய சம்பாத்தியம். கலியாணப் பட்டியலுக்கு, "முதல் சம்பளத்தில தாறன்" என்று பெயருக்கு நேரே எழுதிவிட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

*

நம் கரைக்கென்று ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. கிழக்கின் ரயில் பாதை மட்டக்களப்போடு நின்றுவிட்டது. கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் ரயில் சீசன் டிக்கட்டைக் காட்டிக்கொண்டு குறைந்த செலவில் வேலைக்குப் போய் வருகிறார்கள். பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரைக்கும் நமக்கு இருப்பது கடலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பெரிய ரோட்டு. அம்பாறைக் கச்சேரிக்குப் போக வேண்டும் என்றால் பலர் காரைதீவுச் சந்தியில் இறங்கி மாற வேண்டும். இரண்டு பஸ், இரண்டு டிக்கட். நாவிதன்வெளிப் பக்கம் வேலை என்றால் கிட்டங்கித் தாம்போதியைத் தாண்ட வேண்டும். மழைகாலத்தில் அங்கே தண்ணீர் மேலால் போகும், சுற்றுப் பாதைக்குக் காசு கூடும்.

கலியாணமும் கணக்கை மாற்றும். நம்மிடையே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். நிந்தவூர்ப் பையன் மருதமுனையில் கலியாணம் முடித்தால், அடுத்த திங்கட்கிழமை அவருடைய பஸ் வழியே வேறு. கலியாணமும் புது வேலையும் ஒரே மாதத்தில் வந்தால்? புது மருமகன் மாமனாரிடம் பஸ் காசு கேட்பதைவிட கடலில் நீந்திப் போய்விடுவார். எனக்குத் தெரிந்த ஒருவரை அந்த மாதத்தில் காப்பாற்றியது மனைவியின் சீட்டுக் காசு. அவரும் கேட்கவில்லை. மனைவி காலையில் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டுத் தானாக வைத்தார்.

2020 செப்டம்பரில் நாடு முழுவதும் ஐம்பதாயிரம் அளவில் பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்த்தார்கள். மாதக் கொடுப்பனவு 20,000 ரூபா. என் ராத்தாவின் பேத்தியும் அதில் ஒருத்தி. ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படித்தவள். படிக்கிற காலத்தில் வாப்பாவிடம் பஸ் காசு கேட்டவள், வேலை கிடைத்த அன்றோடு கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் என் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு ஒரு தாளை எடுத்து எண்ணினாள். பிறகு அதே திசைக்குப் போகும் மூன்று பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, ஒரு வேன்காரரிடம் பேசினாள். மாதக் கணக்கு, காசு சம்பளத்துக்குப் பிறகு. வேன்காரர் ஒப்புக்கொண்டதற்குக் காரணம், அவள் வேலைக்குச் சேரும் முன்பே, திகதி சொல்லிக் கேட்டாள் என்பதுதான். கையில் காசு முடிந்த பிறகு கேட்டிருந்தால், வேறு ஆளைப் பாருங்க பிள்ள என்றிருப்பார்.

கணக்குப் போட்டும் தவறிய மாதங்களும் உண்டு. 2022 ஏப்ரல் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். அப்போது பஸ்ஸில் ஆகக் குறைந்த கட்டணம் 20 ரூபா. அவன் முதல் சம்பளத்தைக் காணுமுன்பே அது 27 ஆனது. மே இறுதியில் 32. ஜூலை முதலாம் திகதி 40. முந்திய வருடக் கடைசியில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் ஜூன் கடைசியில் 470. மாதக் கணக்குக்கு ஓடிய வேன்காரர்களும் முற்பணம் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கும் நூல் காசு வேண்டியிருந்தது. அந்த வருடத்திலிருந்து நான் பிள்ளைகளிடம், போட்ட கணக்கின் மேல் நான்கில் ஒரு பங்கு கூட வையுங்கள் என்கிறேன். மிஞ்சினால் திருப்பிக் கொடுக்கும் நாளில் உங்கள் மரியாதை கூடும்.

*

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. இன்றைக்கு மச்சானிடம் இருநூறு, நாளைக்குக் கூட்டாளியிடம் நூறு, மறுநாள் காக்காவிடம் ஐந்நூறு என்று கேட்டால், முப்பது நாளில் முப்பது முறை வெட்கப்பட வேண்டும். ஒரே ஆளிடம், முழுத் தொகையையும், திகதி சொல்லி ஒரே தரம் கேளுங்கள். "காக்கா, இருபதாம் திகதி வேலைக்குச் சேருறன். சம்பளம் அடுத்த மாசம் பத்தாம் திகதி. அது வரைக்கும் பஸ்ஸுக்கு இவ்வளவு வேணும். பன்னிரண்டாம் திகதி தந்திருவன்." இப்படிக் கேட்டால் கொடுப்பவருக்கும் நிம்மதி. இல்லை என்பவரும் அன்றே இல்லை என்றுவிடுவார். வேறு ஆளைப் பார்க்க நாள் இருக்கும்.

கேட்டதை எழுதுங்கள். சொந்தக்காரர்களுக்குள் எழுத்து எதற்கு என்பது நம்மிடையே பெரிய பண்பு போலப் பேசப்படுகிறது. குர்ஆனின் ஆக நீளமான வசனம் அல்பகறா அத்தியாயத்தில் இருக்கிறது, 282ஆவது. அது பேசுவது கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றி. சொந்தத்துக்குள் எழுதாத கடன்தான், பிறகு பெருநாளைக்குக் கூடப் பேசாத குடும்பங்களை உண்டாக்கியிருக்கிறது.

முதல் சம்பளத்தைக் காணுமுன் மோட்டார் சைக்கிளை லீசிங்கில் எடுக்க வேண்டாம். பஸ் காசு மிச்சமாகும் என்றுதான் எல்லாரும் தொடங்குகிறார்கள். தவணை, காப்புறுதி, பெற்றோல் மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தவர்கள் குறைவு. வேலை நிரந்தரமா என்று தெரியுமுன்பே, மூன்று நாலு வருடத் தவணை நிரந்தரமாகிவிடும். உம்மாவின் காப்பை ஈடு வைப்பதும் அப்படித்தான். பஸ் காசுக்காக உள்ளே போன நகை, வட்டி ஏறி, பஸ் காசோடு சம்பந்தமில்லாத ஒரு தொகையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

*

பிள்ளைகளுக்குச் சொன்னது போதும். நமக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வேலை கிடைத்த பிள்ளையிடம் நாம் முதலில் கேட்பது, "எவ்வளவு சம்பளம்?" இரண்டாவது, "எப்ப பார்ட்டி?" முதல் சம்பளத்தில் உம்மாவுக்குச் சாரி, ராத்தாவுக்கு ஏதாவது, கூட்டாளிமாருக்குக் கொத்து என்று பட்டியல் போட்டுவிடுகிறோம். அந்தச் சம்பளம் வரைக்கும் அந்தப் பிள்ளை எதில் போய் வருகிறது என்று கேட்பதில்லை. வாய்விட்டுக் கேட்டாலும், "இரிக்கி" என்றுதான் பதில் வரும். எனக்கும் பாலமுனையில் மாமி இருந்தாரே.

வேறு நாடுகளில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். பிரான்சில் தொழிலாளியின் பஸ், ரயில் மாதச் சீட்டில் பாதியை முதலாளி கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பிரித்தானியாவில் பல கம்பனிகள் சீசன் டிக்கட்டுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்து, சம்பளத்தில் மாதாமாதம் கழித்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. நம் அரசாங்க ஊழியர்களுக்குப் பண்டிகை முற்பணமும் இடர்க்கடனும் உண்டு. ஆனால் இடர் கூடிய அந்த முதல் மாதத்தில் அவை பெரும்பாலும் எட்டாது.

சட்டம் வரும்போது வரட்டும். கல்முனைப் பசாரில் நாலு பேரை வேலைக்கு வைத்திருக்கிற ஒரு முதலாளி, புது ஆள் சேர்ந்த முதல் சனிக்கிழமை அந்த வாரக் காசை முற்பணமாகக் கொடுக்கலாம். அவருக்கு அது நட்டமில்லை, ஏற்கனவே உழைத்த காசுதான். கூலியைத் தாமதிக்காதீர்கள் என்ற நபிமொழியை ஜும்ஆவில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். ஒரு பள்ளிவாசல் மஹல்லாவில், முதல் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கென்று ஒரு சிறு தொகையைக் கர்ளுல் ஹஸனாவாக, அதாவது வட்டியில்லாக் கடனாக, ஒதுக்கி வைக்கலாம். ஒருவர் திருப்பிக் கொடுப்பதை அடுத்தவர் எடுத்துப் போவார். அதே காசு வருடத்துக்கு நாலைந்து பேரை வேலையில் நிறுத்திவிடும்.

நான் செய்வது இதைவிடச் சின்னது. என் அலுமாரியில் ஒரு காக்கிக் கடித உறை இருக்கிறது. வெளியே 'நூல் காசு' என்று எழுதியிருக்கிறேன். குடும்பத்தில் யாருக்காவது வேலை என்று கேள்விப்பட்டால், அவர் கேட்குமுன் அதை எடுத்துக்கொண்டு போவேன். எண்ணி, உறையின் பின்பக்கத்தில் தொகையும் திகதியும் அவர் கையாலேயே எழுத வைப்பேன். இதுவரை ஏழு பேரின் கையெழுத்து அதில் இருக்கிறது. ஒருவர் இரண்டு மாதம் பிந்தினார். இன்னொருவர் எடுத்ததைவிடக் கூட வைத்துவிட்டுப் போனார். கேட்டதற்கு, நூல் விலை கூடியிருக்கு மூத்தாப்பா என்றார்.

1979 மார்ச் கடைசியில் இரண்டு மாதச் சம்பளமும் சேர்ந்து வந்தது. முத்திரைக்கு மேல் கையெழுத்து வைத்து, காசை மூன்று தரம் எண்ணினேன். மாலையில் நேரே நூல் கடைக்குப் போனோம். கடைக்காரர் கொப்பியைத் திறந்து பேனையை எடுத்தார். வாப்பா அதை வாங்கி என் கையில் தந்தார். என் பெயரை நானே வெட்டினேன்.

மறுநாள் காலையில் பஸ்ஸில் ஏறி, அட்டாளைச்சேனைக்கு டிக்கட் கேட்டேன். கொண்டக்டர் என்னை ஒரு தரம் பார்த்தார்.

"ஏன் தம்பி, இண்டைக்கி மாமி வீட்டுக்குப் போறல்லயா?"

"மாமி அட்டாளைச்சேனைக்கு வீடு மாறிட்டாங்க" என்றேன்.

அன்றுதான் அவர் சிரித்தார். டிக்கட்டைக் கிழித்துத் தந்து, மிச்சக் காசைச் சதம் குறையாமல் என் உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.